பவளக்காரத் தெருவிலிருந்து ரிப்பன் மாளிகைக்கு

பெருநகர சென்னை மாநகராட்சியின் மேயர், துணை மேயர், மாமன்ற உறுப்பினர்கள், ஆணையர் அனைவருக்கும்,

வணக்கம்.

நான் மண்ணடியில் பிறந்து வளர்ந்தவள். பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்ற ஆசிரியை. இப்போதும் ஆகஸ்டு 22, சென்னை நாள் வந்தால், பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஜார்ஜ் டவுன் தெருக்களில் ஒரு சுற்று நடப்பேன். அப்படி நடந்தபோது பவளக்காரத் தெரு முனையில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் நின்றுகொண்டு கேட்டான்: "மிஸ், இங்க பவளம் எந்தக் கடையில விக்கிறாங்க?"

இப்போது யாரும் விற்கவில்லை என்றேன்.

"அப்போ யார் வித்தாங்க?"

நல்ல கேள்வி. அன்று வெயிலில் நின்றபடி பாதிதான் பதில் சொல்ல முடிந்தது. மீதியை உங்களுக்கு எழுதுகிறேன். ஏனென்றால் அந்தப் பதில் பவளக்காரத் தெருவில் தொடங்கி உங்கள் மாமன்றத்துக்குள் போய்தான் முடிகிறது.

பவளம் நம் கடலில் விளைந்து வந்த பொருள் இல்லை. நம் பாட்டிமார் கழுத்தில் போட்டிருந்த சிவப்புப் பவளம் மத்தியதரைக் கடலின் அடியிலிருந்து எடுத்தது. அதை இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தில் தீட்டி, துளையிட்டு, கோத்து, லண்டனுக்கு அனுப்பி, கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் ஏற்றினார்கள். ஆறு மாதத்துக்கும் மேல் கடலில் கிடந்து சென்னைக் கரைக்கு வந்து சேரும். இங்கே விற்ற பணத்தில் கோல்கொண்டா வைரம் வாங்கி அதே வழியில் திருப்பி அனுப்புவார்கள். இந்தச் சங்கிலியில் உள்ளூர்ச் செட்டிமார் உண்டு, ஆங்கிலேயர் உண்டு. ஆனால் லிவோர்னோ, ஆம்ஸ்டர்டாம், லண்டன், சென்னை என்று நான்கு ஊர்களையும் ஒரே கையில் பிடித்திருந்தவர்கள் யூத வியாபாரிகள். ஒரு ஊரில் அண்ணன், இன்னொரு ஊரில் மைத்துனன், மற்றொரு ஊரில் சம்பந்தி. கடிதம் போய்ப் பதில் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகிற காலத்தில், நம்பி லட்சக்கணக்கான சரக்கை அனுப்ப வேறு என்ன பிணை இருக்க முடியும்? நம் வியாபாரக் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

சரி, அந்த உறவுகள் ஏன் நான்கு ஊர்களில் சிதறிக் கிடந்தன? அதைச் சொல்லாமல் அவர்களை வெறும் பணக்கார வெளிநாட்டு வியாபாரிகள் என்று சொல்லிவிட்டால் பாதி உண்மைதான் சொன்னதாக ஆகும்.

1492-ல் ஸ்பெயின் தன் யூதர்களை நாட்டைவிட்டுத் துரத்தியது. நிறையப் பேர் பக்கத்திலிருந்த போர்த்துகலுக்கு ஓடினார்கள். ஐந்து வருடத்தில், 1497-ல், போர்த்துகல் அவர்களை வலுக்கட்டாயமாக மதம் மாற்றியது. வெளியே கிறிஸ்தவப் பெயர், வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு யூத வழக்கப்படி வெள்ளிக்கிழமை விளக்கு. இப்படியே தலைமுறை தலைமுறையாக ஓடியது. விளக்கேற்றியது வெளியே தெரிந்தால் மதவிசாரணை மன்றம். அங்கிருந்து தப்பியவர்கள்தான் ஆம்ஸ்டர்டாமிலும் லிவோர்னோவிலும் பகிரங்கமாக யூதர்களாக வாழ ஆரம்பித்தார்கள். 1650-களில் இங்கிலாந்தின் கதவும் அவர்களுக்குத் திறந்தது.

அந்த மதவிசாரணை மன்றம் நமக்குத் தூரத்து விஷயமும் இல்லை. 1560-ல் கோவாவுக்கே வந்துவிட்டது. கார்சியா ட ஓர்ட்டா என்ற மருத்துவர் கோவாவில் வாழ்ந்தவர். இந்தியாவின் மூலிகைகளையும் மருந்துச் சரக்குகளையும் பற்றி 1563-ல் புத்தகம் அச்சிட்டவர். அவர் 1568-ல் இறந்தார். அடுத்த ஆண்டு அவருடைய தங்கை கத்தரினாவை, யூத நெறியைப் பின்பற்றினாள் என்று சொல்லி உயிரோடு எரித்தார்கள். அதோடு விடவில்லை. 1580-ல் அவருடைய எலும்புகளையும் தோண்டி எடுத்து எரித்தார்கள். இறந்து பன்னிரண்டு வருடம் ஆன ஒரு மனிதரின் எலும்பு. வகுப்பில் இதைச் சொல்லும்போது ஒவ்வொரு வருடமும் என் குரல் கம்மிப்போகும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு சென்னைப் பட்டணத்தைப் பாருங்கள். கோட்டைக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில் சாந்தோம். போர்த்துகீசியர் உருவாக்கிய ஊர். கோட்டைக்கு வந்திறங்கிய இந்த யூதர்கள் வீட்டில் பேசிய மொழியும் போர்த்துகீசுதான். தங்களைத் துரத்தியவர்களின் மொழிதான் அவர்களுக்குத் தாய்மொழி. பலருக்கு இரண்டு பெயர்: கணக்குப் புத்தகத்துக்குப் போர்த்துகீசுப் பெயர், தொழுகைக்கு எபிரேயப் பெயர். போர்த்துகீசு அன்று இந்தக் கரை முழுக்க வியாபார மொழி. ஜன்னல், அலமாரி, மேசை, சாவி எல்லாம் நமக்கு அந்த மொழியிலிருந்து வந்த சொற்கள். ஆகவே அவர்கள் இங்கே வந்து பேசியபோது நம் ஆட்களுக்குப் பாதியாவது புரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஜாக் த பைவா வந்தார். லிவோர்னோவிலிருந்து சாலமன் பிராங்கோ வந்தார். கரீபியக் கடலின் குராசோ தீவிலிருந்து சாமுவேல் த காஸ்ட்ரோ வந்தார். உலகப் படத்தில் விரலை வைத்து ஒரு தடவை இழுத்துப் பாருங்கள், எத்தனை கடல் தாண்டி வந்திருக்கிறார்கள் என்று. பைவா வைரச் சுரங்கங்களைத் தேடி உள்நாட்டுக்குப் போய்த் திரும்பும்போது நோயில் விழுந்து, 1687-ல் இறந்தார். அவுரங்கசீப்பின் படையிடம் கோல்கொண்டா வீழ்ந்ததும் அதே வருடம்தான். அவரைப் பெத்துநாயக்கன்பேட்டையில் அடக்கம் செய்தார்கள். இந்த மடலின் முக்கியமான இடம் அந்தக் கல்லறைதான், திரும்ப வருகிறேன்.

இனி உங்கள் கதை. 1687 டிசம்பர் 30-ஆம் தேதியிட்ட சாசனத்தின்படி, 1688 செப்டம்பர் 29 அன்று சென்னை மாநகராட்சி தொடங்கியது. ஒரு மேயர், பன்னிரண்டு ஆல்டர்மேன்கள், அதாவது மூத்த மன்ற உறுப்பினர்கள். மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன். அவரும் இங்கிலாந்தில் பிறந்தவர் இல்லை, அமெரிக்காவின் கனெக்டிகட்டில் பிறந்தவர். ஆல்டர்மேன்கள் பன்னிரண்டு பேரில் மூன்று பேர் யூதர்கள்: பார்த்தலோமியோ ரொட்ரிகஸ், டொமிங்கோ டோ போர்டோ, ஆல்வாரோ ட ஃபொன்செகா. அதே மன்றத்தில் சின்ன வெங்கடாத்திரி போன்ற நம் ஊர் வியாபாரிகளும் இருந்தார்கள்.

மூன்றில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். லண்டனோடு ஒப்பிட்டால் தெரியும். லண்டன் மாநகரில் யூதர் ஒருவர் நகர உரிமை பெறவே 1830 ஆக வேண்டியிருந்தது. டேவிட் சாலமன்ஸ் என்பவரை ஆல்டர்மேனாகத் தேர்ந்தெடுத்த பிறகும், "உண்மையான கிறிஸ்தவ நம்பிக்கையின்படி" என்று உறுதிமொழி எடுக்க மாட்டேன் என்றதால் உட்கார விடவில்லை. சட்டத்தை மாற்றிய பிறகு, 1847-ல்தான் அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நாடாளுமன்றத்தில் ஒரு யூதர் உட்கார 1858. இங்கே, பவளக்காரத் தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில், சாலமன்ஸ் நாற்காலியில் உட்கார்வதற்கு 159 வருடம் முன்பே மூன்று யூதர்கள் நகரத்தின் வரியையும் வழக்கையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இதைக் கம்பெனியின் பெருந்தன்மை என்று நான் சொல்ல மாட்டேன். கம்பெனியை நடத்திய ஜோசியா சைல்டுக்குத் தேவை வரிப் பணம். ஊரில் உள்ள எல்லாச் சமூகத்தின் பெரிய ஆட்களையும் மன்றத்தில் உட்கார வைத்தால் ஜனங்கள் முணுமுணுக்காமல் வரி கட்டுவார்கள் என்பது அவர் கணக்கு. அந்த மூன்று பேரையும் புனிதர்கள் என்றும் சொல்ல வரவில்லை. காலனிக் கம்பெனியின் நிழலில் வைரம் விற்றுச் செல்வம் சேர்த்தவர்கள். அதே துறைமுகத்திலிருந்து அதே ஆண்டுகளில் கம்பெனி அடிமைகளைக் கப்பலேற்றியது. அவர்களுக்குச் சிலை வையுங்கள் என்று கேட்கவே மாட்டேன். நான் கேட்பது, நம் ஊர் தன் முதல் மன்றத்தில் யார் யார் இருந்தார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மட்டும்தான்.

நடுவில் ஒரு பெண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பைவாவின் மனைவி ஹீரோனிமா. கணவர் இறந்தபோது, தெரியாத கரையில், உறவுக்காரர்கள் ஒரு வருடக் கடிதத் தூரத்தில் இருக்க, தனியாக நின்றவள். பிறகு அன்றைய கவர்னர் எலிஹு யேலின் வீட்டில் வாழ்ந்தாள். அவர்களுக்குச் சார்லஸ் என்று ஒரு மகன். ஊர் அவளைப் பற்றி என்ன பேசியிருக்கும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டாம். யேல் இங்கே சேர்த்த செல்வத்தோடு இங்கிலாந்து திரும்பினார். அவர் கொடுத்த நன்கொடைக்காக 1718-ல் ஓர் அமெரிக்கக் கல்லூரி அவர் பெயரை வைத்துக்கொண்டது. ஹீரோனிமாவும் பிள்ளையும் ஆப்பிரிக்காவின் கேப் பகுதியில் போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பிள்ளை அங்கேயே இளம்வயதில் இறந்தான். ஆம்ஸ்டர்டாம், சென்னை, கேப் என்று மூன்று கண்டம் பார்த்த ஒருத்தியை இன்றும் எழுதுகிறவர்கள் 'கவர்னரின் ஆசைநாயகி' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அவள் புலம்பெயர்ந்த பெண். கணவனைப் புதைத்த மண்ணை விட்டுவிட்டுத் திரும்பவும் கப்பலேறியவள்.

அப்புறம் அந்தச் சமூகம் மெல்லக் கரைந்தது. 1720-களில் பிரேசிலில் வைரம் கிடைக்க ஆரம்பித்தது. கோல்கொண்டாவின் மவுசு குறைந்தது. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். மூன்று வருடம் கழித்துத்தான் ஊர் ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியது. வியாபாரம் போன இடத்துக்கு வியாபாரிகளும் போனார்கள். ஒரு நூற்றாண்டுக்குள் பெரும்பாலும் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். இறந்தவர்கள் மட்டும் இங்கேயே தங்கினார்கள்.

அவர்களையும் நாம் நிம்மதியாகத் தங்க விடவில்லை என்பதுதான் என் வருத்தம்.

யூத நெறியில் கல்லறையை ஒருமுறை மூடினால் திறக்கக் கூடாது. இடுகாட்டுக்கு அவர்கள் வைத்த எபிரேயப் பெயர் 'பெத் ஹயிம்'. உயிரோடிருப்பவர்களின் வீடு என்று பொருள். ஸ்பெயின், போர்த்துகல் வழி வந்தவர்கள் கல்லை நிமிர்த்தி நடுவது வழக்கமில்லை, படுக்கையாகப் பதிப்பார்கள். பார்க்கப் போகிறவர்கள் பூ வைப்பதில்லை, ஒரு சிறு கூழாங்கல்லை வைத்துவிட்டு வருவார்கள். சென்னையில் அந்தப் படுக்கைக் கற்கள், பைவாவைப் புதைத்த பெத்துநாயக்கன்பேட்டையின் தங்கசாலைத் தெருப் பக்கமிருந்து புறப்பட்டன. காசிமேட்டுக்குப் போயின. 1980-களில் லாயிட்ஸ் சாலைக்கு, அதாவது இன்றைய அவ்வை சண்முகம் சாலைக்கு வந்து சேர்ந்தன. உயிரோடு இருந்தபோது நாடு நாடாகத் துரத்தப்பட்ட குடும்பங்கள். இறந்த பிறகும் பேட்டை பேட்டையாக இடம் மாறியிருக்கிறார்கள்.

தடுத்துக் கேட்க ஆளில்லை. மகன் இல்லை, பேரன் இல்லை, வார்டில் ஒரு ஓட்டு இல்லை.

நான் அங்கே போன அன்று கேட் பூட்டியிருந்தது. பூட்டியிருப்பதைக் குறை சொல்ல மாட்டேன். 2008-ல் மும்பையில் யூத மையத்துக்குள் புகுந்து கொன்றதைப் பார்த்த நாடு இது, பாதுகாப்பு வேண்டியதுதான். கம்பி வழியாக எட்டிப் பார்த்தேன். செடிகளுக்கு நடுவே சில கற்கள், வலமிருந்து இடமாக ஓடும் எழுத்துகள். ஒரு எழுத்துகூட எனக்குத் தெரியாது. பேருந்துச் சத்தம், டீக்கடைப் பாட்டு, பக்கத்தில் யாரோ செல்போனில் சண்டை. நின்றுகொண்டே இருந்தேன். கடல் காற்றும் மழையும் வருடா வருடம் அந்த எழுத்தை மேலும் கொஞ்சம் தின்றுகொண்டே இருக்கும் அல்லவா?

அதனால்தான் கேட்கிறேன். முதலில், அந்தக் கற்களை இனி ஒருமுறைகூட அசைக்க மாட்டோம் என்று மாமன்றத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள். இடுகாட்டின் நிர்வாகத்தில் மாநகராட்சிக்கு நேரடிப் பங்கு உண்டோ இல்லையோ, அந்தச் சாலையும் அந்தச் சுற்றுப்புறமும் உங்கள் பொறுப்பில்தான் இருக்கின்றன. நாளைக்கு ஒரு சாலை விரிவாக்கமோ ஒரு வடிகாலோ வரும்போது, வரைபடம் போடுகிற பொறியாளரின் மேசையில் அந்தத் தீர்மானம் இருக்க வேண்டும். இன்னொரு தடவை இடம்பெயரும் தெம்பு அந்தக் கற்களுக்கு இல்லை.

கல்லில் உள்ளதைப் படித்து எழுதி வைக்கவும் ஏற்பாடு செய்யுங்கள். எபிரேயம் தெரிந்தவர்கள், போர்த்துகீசு தெரிந்தவர்கள், கல்வெட்டு படிக்கத் தெரிந்தவர்கள் மூவரும் ஒரு வாரம் உட்கார்ந்தால் முடிகிற வேலை. எழுத்து இருக்கும்போதே படமெடுத்து, தமிழில் பெயர்த்து, பள்ளிகளுக்குக் கொடுங்கள். கல்வெட்டைப் படித்துத் தன் வரலாற்றை எழுதிக்கொண்ட சமூகம் நாம். வேறு எழுத்தில் இருக்கிறது என்பதற்காக நம் ஊர்க் கல்லைப் படிக்காமல் விடலாமா?

பவளக்காரத் தெருவில் ஒரு பலகை வேண்டும். தமிழில், பெரிய எழுத்தில், பையனுக்குப் புரிகிற மாதிரி நாலு வரி போதும்: இந்தப் பவளம் எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்தார்கள், யார் வாங்கினார்கள். பினாங்கில் யூத இடுகாடு இருந்த சாலைக்கு 'யகூதி சாலை' என்று பேர் இருந்தது. அந்தப் பேரை மாற்றிவிட்டார்கள். நல்லவேளை, நம் தெருவின் பெயர் மிஞ்சியிருக்கிறது. பெயர் இருந்தும் அர்த்தம் தெரியாமல் போய்விடக் கூடாது.

இது பெரிய செலவும் இல்லை, நடக்காத காரியமும் இல்லை. பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். கொச்சி யூதர்களில் மிகப் பெரும்பாலோர் 1950-களில் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். அங்கே நெவாதிம் போன்ற கிராமங்களில் மலையாளப் பாட்டோடு குடியேறினார்கள். அவர்கள் விட்டுப்போன பறவூர், சேந்தமங்கலம் தொழுகைக் கூடங்களை முசிறி மரபுத் திட்டத்தில் எடுத்துச் சீரமைத்து, பார்க்க வருகிறவர்களுக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். அதே கொச்சியில், மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் கூடம் கவனிப்பில்லாமல் கிடந்து 2019 மழையில் சரிந்து விழுந்தது. கவனித்தது நிற்கிறது, கவனிக்காதது விழுந்துவிட்டது. இரண்டும் ஒரே ஊர்ப் பக்கம்தான்.

இந்த மடலைப் படித்துவிட்டு, இந்த நேரத்தில் யூதர்களைப் பற்றி ஏன் பேசுகிறாய் என்று என்னிடம் கேட்பவர்கள் இருப்பார்கள். ஏற்கெனவே என் தங்கையே கேட்டுவிட்டாள். காசாவின் குழந்தைகளைத் தொலைக்காட்சியில் பார்த்துச் சாப்பிட முடியாமல் எழுந்து போனவள் நான். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் ஒரு அரசு இன்று செய்வதற்கு, முந்நூறு வருடத்துக்கு முன் மதவிசாரணைக்குத் தப்பி நம் கரையில் ஒதுங்கி நம் மண்ணில் புதைந்தவர்களை எப்படிப் பொறுப்பாக்குவது? இறந்தவர்களிடம் கணக்குத் தீர்ப்பதைக் கோவாவில் செய்தார்கள். நாம் செய்ய வேண்டாம்.

கடைசியாக ஒன்று. ரிப்பன் மாளிகையில், 1688 மன்றத்தின் பெயர்களைத் தமிழில் பொறித்த ஒரு பலகை வையுங்கள். ஹிக்கின்சன், சின்ன வெங்கடாத்திரி, ரொட்ரிகஸ், டோ போர்டோ, ட ஃபொன்செகா, இன்னும் மற்றவர்கள், எல்லோரும் ஒரே வரிசையில். நீங்கள் தினமும் ஏறிப் போகும் படிக்கட்டில் இருந்தால் போதும்.

அடுத்த ஆகஸ்டிலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடப்பேன். இந்த முறை மண்ணடியோடு நிறுத்தாமல் பேருந்து பிடித்து அவ்வை சண்முகம் சாலைக்கும் வரலாம் என்றிருக்கிறோம். பவளம் எங்கே என்று கேட்ட பையன் இப்போதே கூழாங்கல் பொறுக்க ஆரம்பித்துவிட்டான். ஆளுக்கு ஒன்று என்று முப்பத்திரண்டு சேர்க்க வேண்டுமாம். அன்று காலை ஒரு மணி நேரம், பொறுப்பில் உள்ளவர்களிடம் பேசி, அந்தக் கேட்டின் சாவியோடு ஒருவரை அனுப்பி வையுங்கள்.

அன்புடன்,
மண்ணடியில் பிறந்த ஓர் ஆசிரியை